நோவா

எழுபத்தோராம் வருசத்துச் செவ்ரோலே.
பேர் என்ன என்று மச்சாள் போனில் கேட்டாள்.
நோவா என்றேன்.
ஐயோ, எங்கை நோ என்றாள்.

அப்போது சிரித்தேன்.
பிறகு சனிக்கிழமைதோறும்
அதே கேள்வியோடுதான் பொனெட்டைத் திறக்கிறேன்.

லாங்கெந்தாலில், மூடிப்போன நெசவாலையின் பின்புறம்,
மாதம் நூற்றிருபது பிராங்குக்கு ஓர் அறை.
ஒரு பல்ப். ஒரு பிளக். தண்ணீர் இல்லை.
சுவரில் வாடகைக்காரருக்கான விதிகள்:
பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை சத்தம் கூடாது,
ஞாயிறு முழுக்கக் கூடாது,
எண்ணெய் ஒரு சொட்டும் நிலத்தில் சிந்தக் கூடாது.
நல்ல விதிகள்தான்.
நோவாவுக்கு வாசிக்கத் தெரியாது.

கிழமை நாட்களில் நான் பஸ் ஓட்டுகிறேன்.
முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தால்
ஓர் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.
திறந்து பார்க்க எனக்கு அனுமதி இல்லை.
கணினியோடு ஒருவன் வருவான், செருகுவான், தலையாட்டுவான்,
என்ன வருத்தம் என்று எனக்குச் சொல்லாமலே போவான்.

இதற்குச் செருக இடமே இல்லை. எட்டுச் சிலிண்டர்.
தலைக்கும் உடலுக்கும் நடுவே கேஸ்கெட் கிழிந்து
எண்ணெயோடு தண்ணீர் கலந்து
பால்தேத்தண்ணி நிறத்தில் வழிந்தது.
கராஜில் குடுத்தால் ரெண்டு நாள் வேலை என்றார் கேதீஸ்,
கதவடியில் நின்று, சப்பாத்தில் அழுக்குப் படாமல்.
நான் காருக்கு அடியில் கிடந்தேன். கேட்காதது போல.

பக்கத்து அறை ரேட்டோ, மொபெட் கட்டுகிறவன்,
பதின்மூன்று மில்லிமீற்றர் ஸ்பனர் தந்தான்.
அரை அங்குல ஆணிக்கு இது கிட்டத்தட்டச் சரி என்றான்.
கிட்டத்தட்ட.
ஒரு மில்லிமீற்றரில் பத்தில் மூன்று பங்கு இடைவெளி.
ஆணியின் ஆறு மூலையும் அதற்குள் வழுக்கி
உருண்டையாகிப் போயின.
கிட்டத்தட்ட என்ற சொல்லை அன்றைக்கு
மூன்று மணித்தியாலம்
உளியால் வெட்டி எடுத்தேன்.

பெப்ரவரி. புதுக் கேஸ்கெட். ஆணிகளை
நடுவிலிருந்து வெளியே வெளியே இறுக்கி,
ஒன்று எட்டு நான்கு மூன்று
ஆறு ஐந்து ஏழு இரண்டு என்று
வயர்களைக் கொழுவி
திறப்பைத் திருப்பிவிட்டு எட்டிப் பார்த்தேன்.
கார்புரேட்டர் நெருப்பைத் துப்பிற்று.
இடப் புருவம் பாதி போயிற்று.
திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறியவர்கள்
வணக்கத்தை என் நெற்றிக்குச் சொன்னார்கள்.

புத்தகத்தை மறுபடி விரித்தேன்.
பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தரம் வருமாம்.
ஒரு தரம் மூச்சை அடக்கிக்கொண்டு,
ஒரு தரம் விட்டபடி.
வெளியே, சக்கரத்தில் கீறிய கோடு
இரண்டுக்கும் அதே பூச்சியத்தைத்தான் காட்டும்.
விட்ட மூச்சுக்கு நான் தீ வைத்திருக்கிறேன்.

அடுத்த சனி. முதலாம் பிளக்கைக் கழற்றி
ஓட்டையில் பெருவிரலை வைத்தேன்.
ரேட்டோ முன்னால் குந்தி
நீளப் பிடியால் சுற்றினான், மெல்ல.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு காற்று விரலைத் தள்ளிற்று,
பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ
கதவைத் தள்ளுவது போல.
நில் என்றேன். தமிழில்தான் சொன்னேன்.
அவன் நின்றான்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி
அரைச் சுற்றுத் திருப்பி இறக்கினேன்.
பதினொன்று நாற்பத்தெட்டு.
இரண்டாம் உலுப்பலில் பிடித்தது.
சுவரில் விதிகள் நடுங்கின.
மேசையில் நட்டுகள் நகர்ந்து நகர்ந்து
ஒரு மூலையில் கூடின.
ரேட்டோ என்னவோ கத்தினான், வாய் மட்டும் அசைந்தது.
நானும் கத்தினேன். என்ன என்று ஞாபகமில்லை.

தேவாலய மணி பன்னிரண்டு அடிக்க நிறுத்தினேன்.
அமைதி.
அதற்குள்
டக்.

பின்பக்கச் சீலுக்கு நேர் கீழே, இன்றைக்கு விரித்த அட்டையில்,
ஐந்து ராப்பன் காசு அளவில் கறுப்பு.

டோர்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
மல்லாந்து உள்ளே நகர்கிறேன்.
சரி. சத்தம் போடாமல் சொல்லு.
எங்கை நோ?